கேளுங்கள், சொல்கிறேன்: தாத்தாவின் ரேசரில் மங்கிய எண்கள்

கேள்வி: தாத்தா தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்தவர். அவருடைய ஜில்லெட் ஷேவிங் செட் இப்போது என்னிடம் இருக்கிறது. அடியில் திருகினால் மேலே இரண்டு கதவும் திறக்கும். கழுத்து வளையத்தில் 1 முதல் 9 வரை எண்கள். பெயிண்ட் போய் 3 எது, 8 எது என்றே தெரியவில்லை. நானே பெயிண்ட் வைக்கலாமா?
– கோத்தகிரி வாசகர்

பதில்: தாராளமாக வைக்கலாம். வளையத்தைத் திருப்பத் திருப்ப பிளேடுக்கும் அதன் கீழ்ப் பட்டைக்கும் நடுவே இடைவெளி மாறும். 1-ல் மிகக் குறைவு, 9-ல் மிக அதிகம். 3 என்று நினைத்து 8-ல் வைத்தால் கன்னம் கீறும். அதனால் எண் தெரிந்தே ஆக வேண்டும்.

முதலில் பெயிண்ட் நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். குன்னூரில் நான் கடிகாரம் பழுது பார்க்கிற மேஜைக்கு வந்த ரேசர்கள் சிலவற்றில், எண்ணின் பள்ளத்தை அடைத்திருந்தது பழைய சோப்புதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, மெதுவான டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். மிச்சத்தைப் பல்குச்சியால் நெம்பி எடுங்கள். ஊசி வேண்டாம், பித்தளை மேலுள்ள நிக்கல் முலாம் கீறிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒரு மூலையில் பழைய நிறம் ஒட்டியிருக்கும். அதே நிறத்தில் எனாமல் பெயிண்ட் வாங்குங்கள், 50 மில்லி டப்பா போதும்.

மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பல்குச்சி நுனியால் ஒரு சொட்டு பெயிண்ட் எடுத்துப் பள்ளத்தில் இறக்குங்கள். வெளியே வழிந்தால் பரவாயில்லை. ஒரு கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் தடித்த அட்டைத் துண்டில் மெல்லிய துணியை இறுக்கிச் சுற்றி, டர்பன்டைன் லேசாகத் தொட்டு, மேற்பரப்பை மட்டும் ஒரே பக்கமாக இழுங்கள். வெறும் விரலில் துணி சுற்றித் துடைத்தால் அது பள்ளத்துக்குள் புகுந்து பெயிண்டையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். நான் முதலில் செய்த ரேசரில் 5 பாதி போனது இப்படித்தான்.

நம் மலையில் காய வைப்பதுதான் பெரிய வேலை. ஐப்பசி மழையில் ஒரு ரேசரை இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்திருந்தேன். தொட்டதும் 7-ன் மேல் என் கைரேகை பதிந்துவிட்டது, பிசுபிசுப்பு போகவே இல்லை. அதிலிருந்து அட்டைப் பெட்டிக்குள் ரேசரை நிற்க வைத்து, பெட்டியின் வாய்க்கு நேரே சற்றுத் தள்ளி குண்டு பல்பை எரியவிடுகிறேன். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் எரியட்டும். ஒரு வாரம் கழித்தே வெந்நீர் பட வேண்டும்.

கேள்வி: பழைய ஜில்லெட் எந்த வருடத்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஊட்டி வாசகர்

பதில்: அமெரிக்காவில் செய்ததென்றால், தலையின் அடிப்பக்கம் பாருங்கள். 1960களில் வந்தவற்றில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஹெச், 2 என்றிருந்தால் 1962-ன் இரண்டாம் காலாண்டு. ஐ என்றால் 1963.