தெருச் சாக்கடைக்கு எம்.எல்.ஏ.விடம் போகலாமா? அவர் வேலைதான் என்ன?

போகலாம், தப்பில்லை. ஆனால் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு, அதனால் முதலில் வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள்.

தமிழ்நாட்டின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் முக்கிய வேலை சட்டமன்றத்தில்தான்: மசோதாவைப் படித்து விவாதிப்பது, வாக்களிப்பது, கேள்வி நேரத்தில் அமைச்சரை மடக்குவது, மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையும் செலவுக்குப் பணம் கேட்பது) விவாதத்தில் தொகுதிக்குப் பாலமோ பள்ளிக் கட்டடமோ கேட்பது. கல்யாணத்துக்கு வந்தாரா, காதுகுத்துக்கு வந்தாரா என்று கணக்குப் பார்க்கும் நாம் இதையெல்லாம் கவனிப்பதே இல்லை! அமைச்சராக இல்லாதவரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம், நிறைவேறுவதுதான் அபூர்வம்.

அப்புறம் தொகுதி மேம்பாட்டு நிதி. அந்தப் பணம் அவர் கைக்கே வராது. என்ன வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரைப்பார், ஒப்புதல் கொடுப்பது மாவட்ட நிர்வாகம். கவுன்சிலர் அசையவில்லையென்றால் ஏற்கெனவே கொடுத்த மனுவின் நகலோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போங்கள்.