பசையா, திருகாணியா: இலத்திரனியல் உற்பத்தி பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் நெடுங்காலமாக இலத்திரனியல் கருவிகளைத் திருத்திவரும் ஒருவர், உற்பத்தியைச் சுழற்சிப் பொருளாதாரத்திற்கு மாற்றுவது குறித்து ஊரவர் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

உவர்மலை மாணவி: ஐயா, சுழற்சிப் பொருளாதாரம் என்பது மீள்சுழற்சியின் இன்னொரு பெயர்தானா?

இல்லை, பிள்ளை. பொருளையும் அதன் பாகங்களையும் வீசிவிடாமல் இயன்றவரை நெடுங்காலம் பாவனையில் வைத்திருப்பதே சுழற்சிப் பொருளாதாரம். மீள்சுழற்சி அதன் கடைசிப் படி. கைத்தொலைபேசியை உருக்கினால் தங்கமும் செம்பும் கிடைக்கும். அதனுள் இருக்கும் சில்லைச் (சிப்) செய்யச் செலவான மின்சாரமும் தூய நீரும் திரும்பி வாரா. ஆகவே திருத்துவதும், பாகங்களைக் கழற்றி இன்னொரு கருவியில் பொருத்துவதும் முதலில் வரவேண்டும். 2022இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி தொன் மின்கழிவில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

கின்னியா கடைக்காரர்: அண்ணன், பற்றரி மாற்றுவதற்கே கருவியைச் சூடாக்கிப் பசையை இளக்க வேண்டியிருக்கிறது. உற்பத்தியாளர்கள் இதை மாற்றுவார்களா?

சட்டம் வற்புறுத்தும் இடத்தில் மாற்றுகிறார்கள், தம்பி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் திறன்பேசிகளின் முக்கிய உதிரிப்பாகங்கள், அந்த மாதிரியின் விநியோகம் நின்ற பின்னரும் 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். 2027 பெப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகளுடன், கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நீர் புகாதிருக்கவே பசை என்பார்கள். இறப்பர் வளையத்தாலும் திருகாணியாலும் நீரைத் தடுக்க முடியும். நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் சாதாரணத் திருப்புளியால் திரையைக் கழற்றக்கூடிய கைத்தொலைபேசிகளை விற்றுவருவதால், இயலாது என்ற சாக்கை நான் ஏற்பதில்லை. நமது உப்புக்காற்றில் மின்னேற்றும் துளை பச்சை பூத்துப் பழுதாகி எத்தனையோ கருவிகள் என் மேசைக்கு வருகின்றன. அத்துளை தாய்ப்பலகையில், அதாவது கருவியின் முதன்மைச் சுற்றுப்பலகையில், பற்றவைக்கப்படாமல் தனிச் சிறு பலகையில் இருந்தால், அந்தத் துண்டை மட்டும் மாற்றிக் கருவியைக் காப்பாற்றிவிடலாம்.

நிலாவெளி விடுதி நடத்துநர்: பழைய குழாய்த் தொலைக்காட்சிகளைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாமா?

வேண்டாம். அவற்றின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

மூதூர் தொழிற்பயிற்சி மாணவர்: உற்பத்தி எங்கோ நடக்கிறது. இங்கிருந்து நாம் என்ன செய்ய முடியும், ஐயா?

எந்த மாதிரியில் எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் பழுதாகிறது என்பதை நான் குறிப்பேட்டில் எழுதிவருகிறேன், நீங்களும் எழுதுங்கள். உங்கள் நிலையம் மொத்தமாகக் கணினி வாங்கும்போது, உதிரிப்பாகங்களும் திருத்தும் கையேடும் எத்தனை ஆண்டுகளுக்குத் தரப்படும் என்பதை விலைமனுக்கோரலிலேயே கேட்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பேட்டைச் சான்றாகக் காட்டலாம்.