மச்சில் கிடந்த துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது மச்சில் ஒரு நீளத் துப்பாக்கி கிடைத்தது. படம் அனுப்பியிருக்கிறேன். பக்கத் தகட்டில் கிரீடம், 'டவர்' என்ற ஆங்கில எழுத்து, 1859 என்ற ஆண்டு. ஒரே துரு. "கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி, பாலிஷ் போட்டுத் தாருங்கள், வெளிநாட்டுப் பார்ட்டி மூன்று லட்சம் தருவான்" என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தத் தரகரை வாசலோடு அனுப்புங்கள். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-இல். உங்கள் தகடே 1859 என்கிறது. அவர் காலத்துத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல் உரசிச் சுடுவது. உங்களுடையதில் குதிரைக்கு (சுத்தியல் போல் விழுந்து அடிக்கும் பாகம்) அடியில், அடிபட்டால் பொறி பறக்கும் செப்புக் கேப்பு மாட்டும் முளை தெரிகிறது. அந்தக் கேப்பு முறை பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் பரவலாக வந்ததே 1840-களில்தான். நூறு வருடம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972 தொல்பொருள் சட்டப்படி குற்றம். பார்ட்டி போய்விடுவான், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும்.

குழலைக் கட்டையோடு மூன்று பட்டைகள் பிடித்திருப்பதால் பிரிட்டிஷ் பட்டாளத்தின் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி வகையாகத் தெரிகிறது. குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் இல்லையென்றால் போலி என்று நினைக்க வேண்டாம். 1857 கலகத்துக்குப் பிறகு நம் சிப்பாய்களுக்கு வேண்டுமென்றே வழவழப்பான குழல் வைத்துத்தான் கொடுத்தார்கள்.

அதற்காகக் குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்! முகத்தையும் கையையும் குழலின் வாய்க்கு நேரே வைக்காமல், மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, அது நின்றதும் குழல் வாய் மட்டத்தில் குச்சியில் அடையாளம் போடுங்கள். பிறகு அடையாளம் குழல் வாய்க்கு நேராக வரும்படி குச்சியைக் குழலின் வெளியே வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி முளைக்கு நாலு விரற்கடை முன்பே நின்றிருந்தால் மருந்து உள்ளே கிட்டித்தபடியே, அதாவது திணித்தபடியே, இருக்கலாம். கருமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். அப்புறம் அதைத் தொடாதீர்கள், போலீசிடம் சொல்லிவிடுங்கள்.

"பழசுதானே, சுடாதே, லைசென்ஸ் எதற்கு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் பழைய ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். இன்றைக்குச் சுடாது என்பது போதாது. பட்டறைக்காரர் ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். துரு பிடித்திருப்பது விலக்கு ஆகாது. முளை ஒடிந்திருப்பதும் ஆகாது. ஆகவே தாத்தா பெயரில் லைசென்ஸ் புத்தகம் இருந்ததா என்று பழைய பெட்டியைக் கிளறுங்கள். துப்பாக்கியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாமல், படத்தோடு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கும் உங்கள் காவல் நிலையத்துக்கும் மனு எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். மறைத்து வைப்பவன் நிம்மதியாக இருக்கிறான், தானாக வந்து சொல்பவன் மேஜை மேஜையாக அலைகிறான். அலைந்தாலும் சொல்லிவிடுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

அனுமதி தெளிவான பிறகுதான் சுத்தம் செய்யும் பேச்சு. உப்புத்தாள், ஆசிட், வார்னிஷ் மூன்றும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் பிசுபிசுத்துப் போகும். மெல்லிய மெஷின் எண்ணெயை இரும்பில் தடவி ஒரு நாள் ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு போதும். குழலின் பின்பக்கம், இடது புறத்தில் நகக்கண் அளவில் முத்திரைகள் இருக்கும். கட்டையிலும் பட்டாளத்து எண் குத்தியிருக்கலாம். தேய்த்தால் முதலில் போவது அவைதான். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் எண்ணெயைத் தொடுங்கள்.