மங்கிய படமும் மென்பொருள் வரைந்த முகமும்

கேள்வி: கண்காணிப்புக் கேமராவில் மங்கலாகப் பதிவான முகத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் தெளிவாக்கி, குற்றவாளி இன்னார்தான் என்று நீதிமன்றத்தில் நிறுவ முடியுமா?

பதில்: முடியாது என்பதே என் கருத்து. ‘தெளிவாக்குதல்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இருவேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. இருண்ட படத்தின் வெளிச்சத்தைக் கூட்டுவதும், அடுத்தடுத்த பல ஃபிரேம்களைப் பொருத்திச் சராசரி எடுத்து, படத்தில் தாறுமாறாகத் தோன்றும் பொட்டுகளான புள்ளி இரைச்சலைக் குறைப்பதும், கேமராவில் ஏற்கெனவே பதிவானதை வெளிக்கொணரும் முறைகள். ஒவ்வொரு படியையும் குறித்து வைத்தால், வேறொரு நிபுணரும் அதே மூலக் கோப்பிலிருந்து தொடங்கி அதே முடிவை எட்டலாம். செயற்கை நுண்ணறிவு செய்வது அதுவன்று. அகலத்தில் 16, உயரத்தில் 16 பிக்சல் கொண்ட முகத்தில் மொத்தம் இருப்பவை 256 பிக்சல்களே. அதில் மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை. அதை 1024-க்கு 1024 அளவில் விரிக்கும் மென்பொருள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களை, பயிற்சியில் தான் கண்ட முகங்களின் சாயலில் இட்டு நிரப்புகிறது.

2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பல்ஸ்’ என்ற நிரலிடம் பராக் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. ஆளை அடையாளம் காண அந்த நிரல் உதவாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருந்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகக் குறிப்பிட வேண்டும். 2024-இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி நீதிமன்றம், ஒரு கொலை வழக்கில் இவ்வாறு மெருகேற்றப்பட்ட கைபேசிக் காணொளியைச் சான்றாக ஏற்க மறுத்தது. அதைக் கொண்டுவந்தது அரசுத் தரப்பன்று, குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு.

முகத்தைவிட வாகன எண்ணில் ஆபத்து இன்னும் நுட்பமானது. 3-ஆ 8-ஆ என்று தெரியாத ஒரு கறையை மென்பொருள் 8 என்று கூர்மையாக எழுதிவிட்டால், பார்ப்பவருக்கு ஐயமே எழாது. மங்கல் படமாவது தன் குறையைத் தானே காட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி: அப்படியானால் தடயவியலில் செயற்கை நுண்ணறிவுக்கு இடமே இல்லையா?

பதில்: உண்டு. பல மணி நேரப் பதிவுகளில் சிவப்புச் சட்டைக்காரர் வரும் இடங்களைப் பொறுக்கித் தருவது போன்ற தேடல் வேலையில் அது பெரிதும் கைகொடுக்கும்; தேர்ந்தெடுத்த காட்சியை மனிதர் பார்த்துச் சரிபார்த்துவிடலாம். எந்தக் கேமரா எடுத்த படம் என்று கண்டறிய, கேமராவுக்குள் ஒளியைப் பதியும் ஒவ்வொரு சென்சாருக்கும் உரிய நுண்ணிய இரைச்சல் வடிவத்தை ஒப்பிடும் முறையை ஜெசிகா ஃப்ரிட்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஆனால் அந்த முறை செயற்கை நுண்ணறிவன்று, புள்ளியியல் வழியில் அமைந்தது. இந்த இரைச்சல் வடிவமும், படத்தில் ஒட்டுவேலை செய்திருந்தால் அதன் தடயங்களும், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய நகலில் பெருமளவு மங்கிவிடும். ஆகவே சான்றாகக் கொடுப்பவர்கள் திரையைப் படம்பிடித்துக் கொடுக்காமல், பதிவுக் கருவியிலுள்ள மூலக் கோப்பையே, அது மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ‘ஹாஷ்’ மதிப்புடன் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும் குறியீடு) ஒப்படைக்க வேண்டும்.