அசுவினிக்கு வாங்கிய அட்டை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் அருகே அரை ஏக்கரில் அவரை பயிரிட்டுள்ளேன். கொழுந்திலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கருப்பு அசுவினி அப்பிக்கிடக்கிறது. மருந்து அடிக்க மனமில்லாமல், 'அசுவினியை ஒழிக்கும் நன்மை செய்யும் பூச்சி' என்ற விளம்பரத்தை நம்பி, அந்தப் பூச்சியின் முட்டைகள் ஒட்டிய காகித அட்டைகளை இணையத்தில் வாங்கிச் செடிகளில் கட்டினேன். அட்டையில் 'டிரைக்கோகிரம்மா' என்று அச்சிட்டிருந்தது. இரண்டு வாரமாகியும் பலன் இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? இனி எதை வாங்குவது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். டிரைக்கோகிரம்மா என்பது அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் மிகச் சிறிய குளவி. கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கும் காய்த்துளைப்பான்களுக்கும் அது பயன்படும். அசுவினியோ நம் வெப்பத்தில் முட்டையிடுவதில்லை. பெண் பூச்சி இணைசேராமலே குஞ்சுகளை ஈன்றுகொண்டே போகும். முட்டையே இடாத பூச்சிக்கு முட்டை ஒட்டுண்ணியை உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

அடுத்த பொருளை வாங்குமுன் ஒரு காலை நேரம் வயலில் கொழுந்துகளைத் திருப்பி, அசுவினியை அழிக்கும் பூச்சிகள் ஏற்கெனவே உள்ளனவா என்று பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த முதுகில் கருப்பு நெளிகோடுகள் உள்ள பொறிவண்டு தென்படலாம். அதன் புழு கருத்து, முதலை போல நீண்டிருக்கும். அதையே தீமை செய்யும் பூச்சி என்று நினைத்து நசுக்குபவர்கள் பலர். அசுவினிக் கூட்டத்தின் நடுவே காலில்லாத வெளிர்பச்சைப் புழு ஊர்ந்தால் அது மிதவை ஈயின் புழு. சில அசுவினிகள் உப்பி, வைக்கோல் நிறத்தில் அசையாமல் ஒட்டியிருந்தால், அவற்றின் உள்ளே வேறொரு குளவி வளர்கிறது அல்லது வட்டத் துளையிட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். இவை கொழுந்துக்குக் கொழுந்து கண்ணில் பட்டால் எதையும் வாங்க வேண்டாம். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்தை அடித்து இவற்றைக் கொல்லாமலும், அசுவினி வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவுக்காக அதற்குக் காவல் நிற்கும் எறும்புகளைச் செடியில் ஏறவிடாமலும் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஒன்றுமே இல்லையென்றால் கிரைசோபெர்லா எனப்படும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையையோ இளம்புழுவையோ கேளுங்கள். அரிவாள் போன்ற இரு கொடுக்குகளால் அசுவினியைத் தூக்கிப் பிடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, வெறும் தோலை எறிந்துவிடும் புழு அது. ஆனால் பசித்தால் தன் இனத்தையே தின்றுவிடும். முட்டை 3 அல்லது 4 நாளில் பொரிந்துவிடுவதால், கூரியரில் ஒரு வாரம் கிடந்த டப்பாவில் எண்ணிக்கை என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ முதலில் விசாரியுங்கள். வெளியில் வாங்கினால் அடைத்த தேதியைப் பார்த்து வாங்கி, வந்த அன்று மாலையே வயலில் விடுங்கள். 'பொறிவண்டு' என்று மட்டும் சொல்பவரிடம் எந்தப் பொறிவண்டு என்று கேட்பது நல்லது. கிரிப்டோலேமஸ் என்றால் அது மாவுப்பூச்சிக்கானது. வளர்ந்த வண்டு எதுவானாலும் பறந்துபோக இறக்கை உண்டு.

உயிருள்ள பூச்சிகளுக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படியான பதிவு எண் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். அசுவினிக்கு அடிக்கும் வெர்டிசிலியம் லெக்கானி போன்ற பூஞ்சாணத் தூளுக்கு அந்த எண் கட்டாயம்.

இனி பணத்துக்கு வருவோம். 'விவசாயி வணிக நோக்கில் வாங்கியவர், நுகர்வோர் அல்லர்' என்று விற்பனையாளர் வாதிடக்கூடும். குறையுள்ள விதை தொடர்பான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, விவசாயியை நுகர்வோராகவே கொண்டது. முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. விளம்பரம் மாற்றப்படுமுன் அதைப் படம்பிடித்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். செடியில் கட்டிய அட்டைகளையும் மழையில் நைந்துபோகுமுன் அவிழ்த்துப் பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்துக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை என்பதற்கு அச்சிட்ட அந்தப் பெயர்தான் சான்று.