புது வீட்டில் எந்த அறைக்கு எந்த அளவுக் கம்பளம் வாங்குவது?

நீங்கள் தந்த அளவுகளை வைத்தே சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் புது வீடு. ஹோல் 12க்கு 14 அடி, படுக்கை அறைகள் 10க்கு 11, தனியாக ஒரு சாப்பாட்டு அறை, ஒடுக்கமான ஒரு உள் விறாந்தை. எல்லா இடமும் ரைல்ஸ். வயதான அம்மாவும் கூட இருக்கிறார். சரி.

அறையின் நீள அகலத்தைச் சொல்லிக் கம்பளம் கேட்டால், கடைக்காரர் தன்னிடம் உள்ளதில் ஒன்றைத்தான் எடுத்துத் தருவார். அளக்க வேண்டியது அந்த அறையில் போடப்போகும் தளபாடத்தை. கம்பளத்தின் வேலை செற்றியையும் கதிரைகளையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துக் காட்டுவது. நடுவில் ரீப்போ மட்டும் நிற்கிற அளவில் ஒரு துண்டைப் போட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது தனியாகக் கிடக்கும். ஹோலும் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். நம் ஊரில் பல புது வீடுகளில் நான் பார்ப்பது இதைத்தான்.

கடைகளில் வழக்கமாகக் கிடைக்கிற அளவுகள் அடியில் 3க்கு 5, 4க்கு 6, 5க்கு 8, 6க்கு 9, 8க்கு 10, 9க்கு 12. 5க்கு 8 என்பது 40 சதுர அடி, 8க்கு 10 என்பது 80. அதனால்தான் விலை திடீரென்று ஏறுகிறது, அதைப் பார்த்துப் பலர் சின்னதோடு திரும்பி விடுகிறார்கள்.

உங்கள் ஹோலுக்கு 8க்கு 10 சரியாக இருக்கும். மூன்று பேர் இருக்கிற செற்றி சுமார் 7 அடி நீளம், 3 அடி ஆழம் வரும். அதை 14 அடிச் சுவரோடு போட்டால், கம்பளத்தின் 10 அடிப் பக்கம் செற்றியின் இரு முனையையும் தாண்டி ஒன்றரை அடி வெளியே வரும். ஆகக் குறைந்தது அரை அடியாவது தாண்ட வேண்டும். செற்றியின் முன்கால்கள் இரண்டும் கம்பளத்தில் ஏறி நிற்கட்டும், பின்கால்கள் ரைல்ஸில் இருக்கட்டும். எதிரே போடுகிற கதிரைகளுக்கும் அப்படியே. அப்போது கம்பளம் சுவரிலிருந்து சுமார் இரண்டடி தள்ளித் தொடங்கும், எதிர்ப் பக்கத்திலும் இரண்டடி தரை மிஞ்சும். கம்பளத்தின் 10 அடிப் பக்கத்தின் இரு முனையிலும் கூட இரண்டிரண்டு அடி மிஞ்சும், வாசலில் இருந்து உள்ளே போகிறவர் அந்த வெறும் தரையால் நடந்து போகலாம். 9க்கு 12 போட்டால் எல்லாக் கால்களும் ஏறி நிற்கும், பார்க்க இன்னும் அழகுதான். ஆனால் 12 அடிப் பக்கத்தில் இரு புறமும் ஓரடிதான் மிஞ்சும், முன் கதவு அதில் உரசுமா என்று பார்க்க வேண்டும். எதிரே கதிரை இல்லை, ஒரே ஒரு நீளச் செற்றிதான் என்றால் 5க்கு 8 கூடப் போதும்.

பணம் கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் கிடக்கிற பழைய பேப்பர்களை, நினைத்த அளவுக்குத் தரையில் விரித்து ஓரத்தை மாஸ்கிங் ரேப்பால் ஒட்டி விடுங்கள். ஒரு முழு நாள் அப்படியே விட்டுவிட்டு வழமைபோல நடமாடுங்கள். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதிரையை இழுத்துப் பாருங்கள். கடையில் பெரிதாகத் தெரிந்த 5க்கு 8, செற்றிக்கும் எதிர்க் கதிரைக்கும் நடுவில் எவ்வளவு ஒடுங்கிப் போகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

படுக்கை அறைக்கு முதலில் கட்டில் எந்தச் சுவரோடு என்று முடிவெடுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் எப்படியும் சொல்வார்கள். கம்பளம் வாங்கிய பிறகு கட்டிலைத் திருப்பினால் அளவு எல்லாம் மாறிவிடும். தலைமாடு 11 அடிச் சுவரில் வருகிறது, கட்டில் ஐந்தடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 6க்கு 9 கம்பளத்தைக் கட்டிலுக்குக் குறுக்காகப் போடுங்கள். தலைமாட்டில் இரண்டடியை விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற சின்ன மேசைகளைத் தொடாமல், அதற்குக் கீழே தொடங்குங்கள். கட்டிலின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி வெளியே தெரியும். கால்மாட்டிலும் ஒன்றரை அடிக்குமேல் வரும். காலையில் எழும்பிக் காலை வைக்கிற இடம் கட்டிலின் அந்தப் பக்கங்கள்தான், அங்கே கம்பளம் இல்லையென்றால் போட்டதில் பயனில்லை. கட்டில் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கிறதா? அப்போது பெரிது வேண்டாம், இறங்குகிற பக்கத்தில் 3க்கு 5 ஒன்று போதும். அலுமாரிக் கதவு திறக்கிற இடத்தையும் மறக்காதீர்கள். தடித்த கம்பளம் என்றால் கதவு அதில் முட்டும்.

சாப்பாட்டு அறைக்குக் கணக்கு இதுதான்: மேசையின் நான்கு பக்கமும் இரண்டடி கூட இருக்க வேண்டும். ஆறு பேர் இருக்கிற மேசை 3க்கு 5 அடி என்றால் கம்பளம் குறைந்தது 7க்கு 9, கடையில் கிடைப்பது 8க்கு 10. நாலடி விட்டமுள்ள வட்ட மேசைக்கு எட்டடி வட்டக் கம்பளம். இந்த இரண்டடி ஏன் என்றால், சாப்பிட்டு எழும்பும்போது கதிரையைப் பின்னால் தள்ளுகிறோம். கம்பளம் குறைவாக இருந்தால் பின்கால்கள் இரண்டும் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும், முன்கால்கள் மேலேயே நிற்கும், கதிரை பின்பக்கம் சரியும். திரும்ப உள்ளே இழுக்கும்போது கால் விளிம்பில் கொளுவி, கம்பளமும் சேர்ந்து சுருண்டு வரும். கையைக் கதிரையின் பின்புறத்தில் வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவ்வளவும் சொன்னாலும், சாப்பாட்டு மேசைக்குக் கீழே கம்பளமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நாம் சாப்பிடுவது சோறும் குழம்பும் சொதியும். மஞ்சள் கறை ஒருமுறை ஊறினால் போவது கடினம். ரைல்ஸ் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம்.

உள் விறாந்தைக்கு நீளத் துண்டு, இரண்டரை அடி அகலம் போதும். இரு பக்கமும் நாலைந்து அங்குலம் தரை தெரியட்டும், இரு முனையிலும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். வெளி விறாந்தையில் போடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தூவானம் அடிக்கும், சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி. உங்கள் பக்கத்துச் செம்மண் ஏறினால் வெளிர் நிறம் எதுவும் தாங்காது. குசினியில் கழுவிக் காயவைக்கக்கூடிய இரண்டடி அகலத் துண்டு ஒன்று, தண்ணித் தொட்டியடியில் மட்டும், அடுப்பை விட்டுத் தள்ளி. சாமி அறைக்குப் பாயே நல்லது.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். வழவழப்பான ரைல்ஸில் சின்னக் கம்பளம் சறுக்கும், அதன் விளிம்பு எழும்பி நிற்கும். இரவில் எழும்பிப் போகிற வயதானவருக்கு அது பெரிய ஆபத்து. அவருடைய அறையில் கட்டிலின் கால்கள் அழுத்திப் பிடிக்கிற அளவு பெரிய கம்பளம் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் போடாதீர்கள். கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையில் சின்னத் துண்டு எதுவும் கிடக்கக் கூடாது. எந்த அறையாக இருந்தாலும் கம்பளத்துக்கு அடியில் சறுக்காத றப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். அதை நான்கு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டினால் வெளியே தெரியாது, ஓரமும் தரையோடு படிந்திருக்கும்.

ஹோலுக்கு மெல்லிய, குட்டை மயிர்க் கம்பளமாகப் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சொந்தங்கள் வந்து நின்றால் ஹோலில்தான் பாய் விரிக்க வேண்டி வரும், அப்போது சுருட்டி எடுக்க இரண்டு பேர் போதுமாக இருக்க வேண்டும். சணல் கம்பளம் அழகாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் கறை பிடிக்கும், காயவும் நேரம் எடுக்கும். மழைக்காலத்தை நினைத்தால் பொலிப்புரோப்பிலீன் என்கிற செயற்கை இழைக் கம்பளம்தான் எனக்குப் பிடித்தது.

தம்பி லண்டனில் இருந்து அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே பெரும்பாலும் சென்ரிமீற்றரில்தான் அளவு சொல்வார்கள். 160க்கு 230 என்பது சுமார் ஐந்தேகால் அடிக்கு ஏழரை அடி, அது உங்கள் ஹோலுக்குக் காணாது. 200க்கு 300 என்றாலும் ஆறரைக்குப் பத்துக்குள்தான், எதிர்க் கதிரைகளுக்கு எட்டாமல் போகலாம். ஆனால் அதே 200க்கு 300 படுக்கை அறையில் குறுக்காகப் போட நன்றாகப் பொருந்தும். ஹோலுக்கென்றால் 240க்கு 340 கேளுங்கள், அது எட்டடிக்குப் பதினோரு அடிக்குக் கிட்ட வரும். அந்த அளவுக்கும் முதலில் பேப்பரை விரித்துப் பார்த்துவிட்டே தம்பிக்குச் சொல்லுங்கள்.