பாதுகாப்பின் செலவு யார் தலையில்?

வணக்கம்.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா பற்றிய உங்கள் கட்டுரையில், 'எல்லை போடும் முன்பே பொருளாதார இழப்பைக் கணக்கிட்டிருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சங்கடமாக இருந்தது. பவளப்பாறைக்கு ரூபாய்க் கணக்குப் போட ஆரம்பித்தால், நாளை துறைமுகம் கட்ட வருகிறவர் அதைவிடப் பெரிய தொகையைக் காட்டுவார். அப்போது என்ன சொல்வீர்கள்?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இரண்டு கணக்குகள் இங்கே கலந்துவிட்டன. பவளப்பாறை எத்தனை கோடி பெறும் என்பது ஒரு கணக்கு. அதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. அதைக் காப்பாற்றும்போது யாருடைய வருமானம் எவ்வளவு போகிறது என்பது வேறு. நான் கேட்டது இதைத்தான். யாரும் எழுதி வைக்காவிட்டாலும் அந்தச் செலவை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

1986-இல் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுத்த இடமும் அதற்குள் போய்விட்டது. புடவைக்கு மேல் ஒரு டீ-ஷர்ட், நீர் புகாத கண்ணாடி, வெட்டுப்படாமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள். அகர் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்க வியாபாரி வாங்கிப் போவார். கெடுபிடி இறுகியபோது இவர்கள் இழந்த கூலி எந்தத் திட்ட அறிக்கையின் செலவுப் பக்கத்திலும் ஏறவில்லை. மீன்பிடிப் படகு என்றால் உரிமம் இருக்கும், பதிவு இருக்கும். மூச்சுப் பிடித்து முங்குகிறவருக்கு என்ன ரசீது?

துறைமுகக்காரருக்கான பதில் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரும் பவளப்பாறைத் தொடரின் பாதுகாப்பு மண்டலங்களை 2004-இல் மாற்றி அமைத்தார்கள். அந்தக் கடலை 70 உயிர்ச்சூழல் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மீன்பிடிப்பு இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார்கள். அதில் பேரம் கிடையாது. இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் வரைபடங்கள் ஏராளமாக வரையலாம். அவற்றில் மீனவருக்கும் மற்றவர்களுக்கும் இழப்பு குறைவாக இருப்பது எது என்று தேடும்போதுதான் செலவுக் கணக்கு உள்ளே வருகிறது. மார்க்சான் என்ற மென்பொருள் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. மக்களிடமிருந்து 31,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன, கோடுகள் நகர்ந்தன. ஆனால் மீன்பிடிப்பு இல்லாத பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது 33 சதவீதமானது. செலவைக் கணக்கில் எடுத்ததால் பாதுகாப்பு சுருங்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அங்கும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. இழப்பீடு முதலில் நினைத்ததைவிடப் பல மடங்கு ஏறி, 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. மீனவர்களோடு, கரையில் அவர்களை நம்பித் தொழில் நடத்தியவர்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. கரையில் இருப்பவர்களையும் முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும்.

ஒரு இடத்தில் உங்கள் சந்தேகத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். இழப்பு குறைவான இடத்தைத் தேடு என்று கணினியிடம் சொன்னால், அது ஏழைகளின் கடலைத்தான் காட்டும். அவர்கள் வருமானம் பதிவில் இல்லை, அதனால் இழப்பு பூஜ்யம். இது உண்மையான ஆபத்து. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் எத்தனை பங்கு போகிறது என்று பார்க்காத கணக்கை நான் ஏற்க மாட்டேன். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது என்றெல்லாம் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்ட பெண்கள் இவர்கள். அவர்களில் ஒருவரான, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015-இல் கிடைத்தது. இவர்களைத் திட்டமிடும் மேஜைக்குக் கூப்பிட்டிருந்தால் எல்லையும் விதியும் வேறு மாதிரி அமைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்ற கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். எந்தக் கடற்புல் திட்டில், எந்த மாதத்தில், யார் வலை போடுகிறார்கள், செலவு போகக் கையில் என்ன நிற்கிறது என்று ஊர் ஊராக உட்கார்ந்து எழுத வேண்டும். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக் கூலி வாங்கும் பெண்களைத் தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம் விதிகளை எழுதட்டும்.

அன்புடன்.